காது சரியானது, நாக்கு போனது

காது ஆபரேஷனுக்குப் போகிற யாரும் டாக்டரிடம் நாக்கைப் பற்றிக் கேட்பதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. காதில் கை வைத்தால் வாயில் ருசி போகும் என்று யாருக்குத்தான் தோன்றும்? மதுரையில் வீட்டிலிருந்தபடியே பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் போட்டு விற்பவள் நான். ருசி பார்க்கிற நாக்குதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த நாக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பாதிதான் வேலை செய்தது. எதனால் அப்படி ஆனது என்று தெரிந்துகொள்ளவே சில மாதங்கள் ஓடிவிட்டன. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்த மாதங்களில் பட்ட பயமும் செய்த வீண்செலவும் மிச்சமாகியிருக்கும்.

எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகுதான் இடது காது மந்தமாகத் தொடங்கியது. விநோதம் என்னவென்றால், இரைச்சலான பஸ்ஸுக்குள் பக்கத்தில் இருப்பவர் பேசுவது நன்றாகக் கேட்கும்; அமைதியான வீட்டில் கேட்காது. நான் பேசுவது எனக்கே பெரிதாகக் கேட்டதால் குரல் தானாகவே தணிந்துவிட்டது. "என்னத்தா, ரகசியமா பேசுறே?" என்று மாமியார் கேலி செய்வார். கேட்புச் சோதனை எடுத்தபோது ஓட்டோஸ்க்ளெரோசிஸ் என்றார்கள். நடுக்காதில் வரிசையாக இருக்கும் மூன்று எலும்புகளில் கடைசி எலும்பு, உடம்பிலேயே மிகச் சிறியது, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் உயரம். அது அசையாமல் இறுகிப்போவதுதான் இந்த நோய். பெண்களுக்கு அதிகம் வரும், சிலருக்குக் கர்ப்ப காலத்தில் கூடும், பெரும்பாலும் இரண்டு காதிலும் இருக்கும். எனக்கும் வலது காதில் லேசாக ஆரம்பித்திருந்தது. வழி இரண்டு: காது மெஷின் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அந்த எலும்பின் அடித்தட்டில் துளை போட்டு, எலும்புக்குப் பதிலாக அசைகிற டெஃப்லான் பிஸ்டன் என்ற குட்டித் தண்டு ஒன்றைப் பொருத்தலாம். 1956-இல் ஜான் ஷே என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கிவைத்த முறையாம், உலகம் முழுக்கச் செய்கிறார்கள். மருத்துவமனையில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 80,000 ரூபாய் சொன்னார்கள். தலைசுற்றல் வரலாம், நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது முழுதாகவே போய்விடலாம், முகநரம்பு பக்கத்தில் இருக்கிறது என்றெல்லாம் எச்சரித்தார்கள். ருசி பற்றிய பேச்சே எழவில்லை. கையெழுத்துப் போட்ட ஆங்கிலப் படிவத்தின் நடுவே "டேஸ்ட் டிஸ்டர்பன்ஸ்" என்று இரண்டு சொல் இருந்ததைப் பிற்பாடு நகல் வாங்கியபோதுதான் பார்த்தேன்.

மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். மயக்கம் இல்லை, விழித்துக்கொண்டே படுத்திருந்தேன். காதுக்குள் ஏதோ சுரண்டுகிற சத்தம். திடீரென்று நாக்கின் இடது ஓரம் முழுக்கச் சுரீர் என்று ஓடியது; சின்ன வயதில் ரேடியோ பேட்டரியை நக்கிப் பார்த்தால் ஓடுமே, அதே புளிப்பு, அதே கூச்சம். "டாக்டர், நாக்கு ஒரு மாதிரி இழுக்குது" என்றேன். "அப்படித்தாம்மா இருக்கும், தலையை மட்டும் அசைக்காதீங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் தட்டில் கத்தரிக்கோல் வைக்கிற சத்தம் கணீரென்று இடது காதில் விழுந்தது. எத்தனையோ வருடம் கழித்துக் கேட்ட சத்தம். அந்தச் சந்தோஷத்தில் நாக்கை மறந்தே போனேன்.

மறுநாள் இட்லி கொடுத்தார்கள். முதல் வாயிலேயே பழைய காசை வாயில் அடக்கிக்கொண்டிருப்பது மாதிரி உலோக ருசி. சட்னியில், தண்ணீரில், எச்சில் முழுங்கினாலும் அதே ருசி. டூட்டி டாக்டர் ஆன்டிபயாடிக் மாத்திரையால் இருக்கும் என்றார். அதுவும் நடக்கக்கூடியதுதான், மெட்ரோனிடசோல், கிளாரித்ரோமைசின் போன்றவை வாயில் உலோக ருசியைக் கொண்டுவரும். ஆனால் மருந்தால் வந்த ருசி வாய் முழுக்க இருக்கும், மருந்தை நிறுத்திய சில நாட்களில் போய்விடும். ஆபரேஷன் செய்த பக்கத்து நாக்கில் மட்டும் ருசி குறைந்திருந்தாலோ, மாத்திரை முடிந்த பிறகும் உலோக ருசி விடாமல் இருந்தாலோ நரம்பைப் பற்றிக் கேளுங்கள். எனக்கு மாத்திரை முடிந்தது, காதில் வைத்த பஞ்சை எடுத்தார்கள், தலைசுற்றல் நின்றது. காசு ருசி போகவில்லை. கூடவே நாக்கின் இடது பாதியில் கூச்சமும், அந்தப் பக்கம் மட்டும் வாய் வறண்டது போன்ற உணர்வும்.

மறு பரிசோதனைக்குப் போனபோதெல்லாம் நடந்தது ஒரே உரையாடல்தான். "காது கேக்குதா?" "கேக்குது சார்." "அப்புறம் என்ன?" நாக்கைப் பற்றிச் சொன்னால் "போகப் போகச் சரியாயிரும்". எத்தனை நாளில், எதனால் என்ற பேச்சே இல்லை. வீட்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். "காதுதான் நல்லாயிருச்சே, சாப்பாடுதானே" என்றார் கணவர். அவர் தப்பாகச் சொல்லவில்லை, காது நிஜமாகவே நன்றாகிவிட்டது. கூடத்தில் உட்கார்ந்தால் அடுப்படியில் கடுகு வெடிப்பது கேட்கிறது. அதனாலேயே யாரிடமும் குறை சொல்ல முடியாமல் போயிற்று. வெற்றியாக முடிந்த ஆபரேஷனைப் பற்றிப் புலம்பினால் நன்றிகெட்டவள் மாதிரி ஆகிவிடுகிறது. இரவில் அழுதிருக்கிறேன். சாப்பாட்டின் மேல் வெறுப்பே வந்து, ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகும் அளவுக்கு மெலிந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பணம் கரைந்தது. வயிற்றில் அமிலம் மேலே வருவதாக ஒருவர் சொன்னதால் எண்டோஸ்கோபி. நரம்பு டாக்டர் சந்தேகத்துக்காக எழுதிய மூளை எம்.ஆர்.ஐ. இது போக பி12 ஊசி, "நரம்புக்கு நல்லது" என்று அட்டை அட்டையாக மாத்திரை, ஜிங்க் மாத்திரை. எல்லாமாக 15,000 ரூபாய்க்கு மேல் போனது, எந்த ரிப்போர்ட்டிலும் ஒன்றும் இல்லை. பி12 குறைவா என்று ஒருமுறை ரத்தம் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜிங்க் விஷயத்தில் கவனம் வேண்டும். உடம்பில் ஜிங்க் குறைந்திருந்தால்தான் அதனால் பெரிய பயன்; அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் உடம்பில் செம்புச்சத்து குறைந்து ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரும். நரம்பைச் சரிசெய்ய எடுக்கிற மாத்திரை நரம்பையே கெடுக்கும் என்று எந்த மருந்துக்கடைக்காரரும் சொல்லப்போவதில்லை.

மதினி ஒரு வயதான இ.என்.டி. அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த டாக்டரம்மாதான் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். முகநரம்பிலிருந்து பிரிகிற கார்டா டிம்பனி என்ற மெல்லிய நரம்பு, காது ஜவ்வுக்கு உட்புறம், முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் புகுந்து குறுக்கே போகிறது. அங்கிருந்து வெளியேறி நாக்கு நரம்போடு சேர்ந்துகொள்கிறது. அந்தப் பக்கத்து நாக்கின் முன் மூன்றில் இரண்டு பாகத்துக்கு ருசி கொடுப்பதும், தாடைக்கும் நாக்குக்கும் அடியில் இருக்கிற எச்சில் சுரப்பிகளை வேலை வாங்குவதும் அதுதான். கடைசி எலும்பைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்த நரம்பை ஒதுக்கித்தான் ஆகவேண்டும். ஒதுக்கும்போது இழுபடலாம், காய்ந்துபோகலாம், சில சமயம் அறுத்தே எடுக்க வேண்டிவரும். ஆபரேஷன் மேஜையில் என் நாக்கில் ஓடிய மின்சாரம் அந்த நரம்பைத் தொட்டபோது வந்ததுதானாம்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். வருடக்கணக்காகக் காதில் சீழ் வடிந்து ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரிவதில்லை. அவர்களுடைய நரம்பு ஏற்கெனவே புண்ணில் கெட்டு, நாக்கும் மெல்ல மெல்ல அதற்குப் பழகியிருக்கும். என் நோயில் அந்த நரம்பு நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதால் ஒரே நாளில் வித்தியாசம் முகத்தில் அடிக்கிறது. சிலருக்கு, அறுந்த நரம்பைவிட இழுபட்ட நரம்பு அதிகத் தொல்லை கொடுக்கும்; அறுந்தது அடங்கிவிடும், இழுபட்டது தப்பும் தவறுமாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். காசு ருசி அப்படி வருவதுதானாம். "ஆபரேஷன் நோட்ஸ் வாங்கிட்டு வாம்மா, நரம்பு அறுந்ததா, இழுபட்டதான்னு அதுல இருக்கும்" என்றார்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த விவரம் பெரும்பாலும் இருக்காது. ஆபரேஷன் குறிப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். முதலில் "அதெல்லாம் தர மாட்டோம்" என்றார்கள். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிமுறைப்படி, நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை போடச் சொன்னதும் வேலை நடந்துவிட்டது. "கார்டா டிம்பனி ஸ்ட்ரெச்ட், பிரிசர்வ்ட்" என்று அதில் எழுதியிருந்தது; அதாவது இழுபட்டிருக்கிறது, அறுபடவில்லை. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் உயிர் வந்தது. அறுபடாத நரம்பு பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மீளும் என்றார் டாக்டரம்மா. அறுந்தவர்களிலும் பலருக்குக் காலப்போக்கில் தொல்லை குறைந்துவிடுமாம். நாக்கில் இருக்கும் சுவைமொட்டு செல்கள் ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருப்பவை, ஆனால் நரம்பின் தொடர்பு இருந்தால்தான் அந்தப் புதுப்பித்தல் ஒழுங்காக நடக்கும். நரம்பு செத்தால் மொட்டும் சுருங்கிவிடும், நரம்பு திரும்பினால் மொட்டும் திரும்பும். ஆகவே நாக்கில் தடவுகிற எந்த மருந்தும் இதைத் துரிதப்படுத்தாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் வழியையும் அவரே சொல்லிக்கொடுத்தார். சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை போடாத காபி டிகாக்ஷன், நான்கையும் சின்னக் கிண்ணங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். நாக்கை வெளியே நீட்டி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, இடது ஓரத்தில் ஒரு தடவை, வாய் கொப்பளித்துவிட்டு வலது ஓரத்தில் ஒரு தடவை. பதிலை யோசித்து முடிக்கும்வரை நாக்கை உள்ளே இழுக்கக்கூடாது. இழுத்தால் வாய் முழுக்கப் பரவி, பின்நாக்கு ருசியைச் சொல்லிவிடும். அதற்கு வேறு நரம்பு. தித்திப்பு நுனியில், கசப்பு பின்னால் என்று பள்ளிக்கூடத்தில் படித்த படத்தை மறந்துவிடுங்கள், அது தவறு. சுவைமொட்டு இருக்கிற எல்லாப் பகுதியிலும் எல்லா ருசியும் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை செய்து நோட்டில் எழுதினால் போதும். நான் ஆரம்பத்தில் தினமும் செய்து, தினமும் மனம் உடைந்தேன். என் மகள் ஒருநாள் கேசரிக்குப் போடுகிற கலர் மாதிரி நீலக் கலர் வாங்கி நாக்கில் தடவி, போன் டார்ச் அடித்துப் பார்த்தாள். வலது பக்கம் நீலத்துக்கு நடுவே இளஞ்சிவப்பாகப் புள்ளி புள்ளியாக மொட்டுகள் தாங்கும் மேடுகள் தெரிந்தன. இடது பக்கம் எண்ணிவிடலாம் போல் சில. "ஒரு பக்கம் மட்டும் மொட்டையடிச்சிருக்கும்மா" என்றாள். அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

காரம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. மிளகாயின் எரிச்சல் வேறு நரம்பு வழியாகப் போகிறது, சூடு, வலி போகிற அதே வழி. காபி வாசனையும் பெருங்காய வாசனையும் மூக்கு வழியாக வந்துவிட்டன. ஆக என் சாம்பார் எனக்குக் காரமும் வாசனையுமாக இருந்தது. உப்பும் புளியும் எங்கோ தூரத்தில். இது தொழிலுக்குப் பெரிய ஆபத்து. உப்பு பார்க்கிறவள் என்றால் நாக்கு சொல்வதை நம்பித்தான் கை போகும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, போதாது என்று நினைத்து இன்னொரு கை உப்பு அள்ளிப்போட்ட புளிக்காய்ச்சல் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. பணம் திருப்பிக் கொடுத்தேன், சரக்கும் நஷ்டம். அதற்குப் பிறகு சில வாடிக்கைகள் போன் எடுக்கவில்லை. ஊறுகாய் சீசனே கையை விட்டுப் போனது.

அதிலிருந்து கை அளவை விட்டுவிட்டுத் தராசுக்கு மாறினேன். எலுமிச்சை ஊறுகாய்க்கு என் பழைய கைப்பக்குவத்தை நிறுத்துப் பார்த்தால் 1 கிலோ பழத்துக்கு ஏறக்குறைய 200 கிராம் கல்லுப்பு. இப்படி ஒவ்வொன்றுக்கும் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது, கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. ருசி பார்க்க மாமியாரையும் மதினியையும் பிடித்துக்கொண்டேன். மாமியாருக்குப் பிரஷர், உப்பைக் குறைத்துப் பழகிய நாக்கு, எதைக் கொடுத்தாலும் "தூக்கலா இருக்கு" என்பார். மதினிக்கு எல்லாமே "நல்லாத்தானே இருக்கு". இரண்டு பேரும் ஒத்துப்போனால் சரக்கு சரி என்று வைத்துக்கொண்டேன். சமையல்காரர்கள், டீ ருசி பார்ப்பவர்கள், பலகாரக்கடை வைத்திருப்பவர்கள் யாருக்காவது இந்த ஆபரேஷன் வந்தால், முன்னாலேயே எல்லா அளவையும் நிறுத்து எழுதிவிட்டுப் போய்ப் படுங்கள்.

சாப்பிடுவதற்கும் சில வழிகள் கண்டுபிடித்தேன். எவர்சில்வர் ஸ்பூனைவிட மர ஸ்பூனிலோ கையிலோ சாப்பிட்டால் காசு ருசி குறைவு. தக்காளியும் வாழைப்பழமும் மோசம். மோர், தயிர்சாதம், குளிர்ந்த பழம் பரவாயில்லை. சாப்பாட்டுக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் உப்பும் ஆப்பசோடாவும் கலந்து கொப்பளித்தால் முதல் சில கவளம் நன்றாக இறங்கும். ருசி தெரிகிற பக்கத்தில் மெல்லுவது தானாகவே பழகிவிடும். எச்சில் குறைகிற பக்கத்தில் பல் சொத்தை வர வாய்ப்பு அதிகம் என்பதால் இரவில் பல் தேய்ப்பதை விடாதீர்கள், மிட்டாய் சப்பிக்கொண்டே இருக்காதீர்கள். ருசிக்காக உப்பையும் சர்க்கரையையும் கூட்டிக்கொண்டே போகிற ஆசை வரும். பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் ஜாக்கிரதை.

நான்காவது மாதம் போல் காசு ருசி மங்கத் தொடங்கியது. அது போனதும் இடது பக்கம் வெறுமையாகிவிட்டது, எந்த ருசியும் இல்லை. இன்னும் மோசமாகிவிட்டதோ என்று பயந்தேன். தப்புச் செய்தி நின்று சரியான செய்தி வருவதற்கு இடையில் இப்படி இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. பிறகு நோட்டில் முதலில் எலுமிச்சைக்கு எதிரே "லேசா" என்று எழுதினேன், அப்புறம் உப்பு. தித்திப்புதான் கடைசி. சில நாள் நன்றாக இருக்கும், அடுத்த வாரம் பின்வாங்கும், சளி பிடித்தால் எல்லாமே போச்சு. ஒரு வருடம் நெருங்கும்போது மாமியார் துணையில்லாமல் வத்தக்குழம்புக்கு உப்பு பார்த்தேன், சரியாக இருந்தது. இடது நுனியில் தித்திப்பு இன்னும் மங்கல்தான். பாயசத்துக்குச் சர்க்கரையை இன்றும் தராசில்தான் போடுகிறேன்.

ஆபரேஷனுக்கு முன்பே கேட்க வேண்டியவை இவை: ருசி நரம்பு வழியில் வருமா, அதை ஒதுக்குவீர்களா அறுப்பீர்களா, ருசி போனால் எத்தனை மாதம் பார்க்கலாம், குறிப்பில் நரம்பின் நிலையை எழுதுவீர்களா? என் தொழில் இது என்றும் சொல்லிவிடுங்கள். சொன்னால் நரம்பு தப்பிக்கும் என்று உத்தரவாதம் இல்லை, நல்ல கைராசி உள்ளவருக்கும் இது நடக்கும். ஆனால் கேள்விக்கு முகம் சுளிக்கிறவரா, படம் போட்டு விளக்குகிறவரா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்தப் பஞ்சுக் குச்சிச் சோதனையையும் ஒருமுறை செய்து எழுதி வையுங்கள். ஏற்கெனவே எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் எவ்வளவு போனது என்று பிற்பாடு சொல்ல முடியும். இன்னொரு விஷயம், ஆபரேஷனுக்குப் பின் வாய் கோணினாலோ, கண் மூட முடியாமல் போனாலோ, கேட்டுக்கொண்டிருந்த காது திடீரென்று அடைத்துக்கொண்டாலோ, நிற்காமல் தலை சுற்றினாலோ அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்றைக்கே ஓட வேண்டிய விஷயம் அது.

இப்போது வலது காதும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கும் செய்துவிடலாம் என்று பழைய மருத்துவமனையில் சொன்னார்கள். டாக்டரம்மா பொறுக்கச் சொல்கிறார். ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் பின்நாக்கும் ஈடுகட்டும். இரண்டு பக்கமும் போனால் ருசியும் போய், வாயும் நிரந்தரமாக வறண்டுபோக வாய்ப்பு உண்டு. இடது பக்கம் எவ்வளவு திரும்புகிறதோ திரும்பட்டும், அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்கிறார். அதுவரை வலது காதுக்கு மெஷின் வாங்கியிருக்கிறேன், 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். மிக்ஸி ஓடும்போது மட்டும் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்துவிடுகிறேன்.